சர்ச்சுக்குத் தாராளமா கொடுங்க, ஆனா 80ஜி-யை நம்பிக் கொடுக்காதீங்க

"மாசாமாசம் தசமபாகம் கொடுக்கிறேன், ரசீதும் இருக்கு. 80ஜி-ல கழிச்சுக்கலாமா?" ரிட்டர்ன் சீசன்ல தவறாம வர்ற கேள்வி இது. பெரும்பாலும் முடியாதுங்க. ஒரு குறிப்பிட்ட மதத்தினரின் நலனுக்காக நடக்கிற அமைப்புக்கு 80ஜி கிடையாது. கோயில், மசூதி, சர்ச் எல்லாத்துக்கும் ஒரே விதிதான். மத்திய அரசு அறிவிக்கை செய்த சில புகழ்பெற்ற வழிபாட்டுத் தலங்களைப் புதுப்பிக்கக் கொடுக்கிற பணம் மட்டும் விதிவிலக்கு.

இன்னொரு விஷயம். பர்லியார்ல வளர்ந்து கோவையில வேலை பார்க்கிற ஒருத்தருக்கு கைக்கு 45,000 ரூபாய் வருதுன்னு வைங்க. தசமபாகம் மாசம் 4,500, வருஷத்துக்கு 54,000. புதிய வரி முறையில 2025-26 முதல், வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரைக்கும் சம்பளத்துக்கு வரியே வராது. அந்த முறையில 80ஜி கழிவும் கிடையாது. அப்போ இவர் எந்த வரியை மிச்சம் பண்ணப் போறார்? "ரசீது தர்றேன், கமிஷன் போக மீதியைத் திருப்பித் தர்றேன்"னு வர்ற ஏஜெண்டுகள் பக்கமே போகாதீங்க. பொய்க் கழிவு பிடிபட்டா, ஏய்ச்ச வரியில 200% வரை அபராதம் வரும்.

ஆக, வரிக் கணக்கைத் தூக்கி ஓரமா வைங்க. எவ்வளவு கொடுக்கறது, எந்த வழியில கொடுக்கறது, இது ரெண்டுதான் மிச்சம்.

எவ்வளவுங்கறது உங்க மனசாட்சி. பத்து சதவீதத்தை கிராஸ்ல கணக்கு போடணுமா, கைக்கு வர்றதிலயாங்கற விவாதத்துக்கு ஆடிட்டர்கிட்ட பதில் இல்லை, ஆயர்கிட்ட கேளுங்க. ஆனா ஒண்ணு சொல்லுவேன். முதல் மாசச் சம்பளத்தை அப்படியே முதற்பலனா போட்டுட்டு, பிஜி வாடகைக்கு கிரெடிட் கார்டு தேய்க்கிறது சரியில்லை. பொருத்தனையை நிறைவேத்த பர்சனல் லோன் வாங்கறதும் அப்படித்தான். காணிக்கை உங்களோடது, அந்த வட்டி பேங்குக்குப் போற காணிக்கை!

பர்லியார் மாதிரி மங்குஸ்தான், பலா, ஜாதிக்காய் விளையுற ஊர்ப்பக்கம் அறுப்பின் பண்டிகை ஏலம்னா தனி உற்சாகம். வீம்புக்கு ஒரு பலாப்பழத்தை ரெண்டாயிரத்துக்கு எடுத்தவங்களும் இருப்பாங்க. தப்பில்லை, அதுவும் கொடுக்கறதுதான். வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற இந்தச் செலவை முன்னாடியே மாசாமாசம் முந்நூறு, நானூறுன்னு ஒதுக்கி வெச்சிருந்தா கை கடிக்காது.

அடுத்தது வழி. உண்டியல்லயோ காணிக்கைப் பையிலயோ போடறதுக்கு தடயம் இருக்காது, அது சின்னத் தொகைக்குப் போதும். மாசத் தொகையை சம்பளம் வந்த மறுநாளே சபையோட பேங்க் அக்கவுண்ட்டுக்கு ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் போட்டுடுங்க. க்யூஆர் கோட் ஸ்கேன் பண்ணும்போது திரையில யார் பேர் வருதுன்னு பாருங்க. சபை பேர் வரணும். யாரோ தனிநபர் பேர் வந்தா, அவர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் பணத்தை அனுப்பாதீங்க.

பழைய வரி முறையில இருக்கிறவங்க, 80ஜி பதிவுள்ள அனாதை இல்லத்துக்கோ ஆஸ்பத்திரி டிரஸ்டுக்கோ தனியா கொடுக்கலாம். பல டிரஸ்டுகளுக்கு பாதித் தொகைதான் கழியும், அதுக்கும் வருமானத்துல 10% உச்சவரம்பு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா கொடுத்தா கழிவு இல்லை. அரிசி மூட்டையா கொடுத்தாலும் இல்லை. படிவம் 10பிஇ கேட்டு வாங்குங்க.

வெளிநாட்டுல இருக்கிற அக்கா இந்திய பாஸ்போர்ட்டோட தன் சம்பாத்தியத்துல அனுப்பினா சிக்கல் இல்லை. கனடா சிட்டிசன் ஆயிட்டாங்கன்னா, ஓசிஐ கார்டு இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். சபைக்கு எஃப்சிஆர்ஏ அனுமதி இருக்கணும்.

பல சி.எஸ்.ஐ. சபைகள்ல சந்தா பாக்கி இல்லாதவங்களுக்குத்தான் கமிட்டி தேர்தல்ல ஓட்டு. ஊருக்கு வர முடியலைன்னு சந்தாவை விட்டுடாதீங்க. வருஷாந்திரக் கணக்கு வாசிக்கிற ஞாயித்துக்கிழமை மட்டுமாவது மேட்டுப்பாளையத்துல பஸ் ஏறிடுங்க.