சுண்டிக்குளம்: பூநாரைக்கும் வலைக்கும் நடுவே

வர்த்தமானி அறிவித்தல்களை வரி விடாமல் வாசிப்பது பத்திரிகைத் தொழில் எனக்குத் தந்த பழக்கம். தலைவர்களின் நீண்ட உரைகளை விட அந்தப் பொடி எழுத்துகளே பல வேளைகளில் மக்களின் வாழ்வை மாற்றிவிடுகின்றன. 2015 ஆனி மாதம் 22ஆம் திகதி சுண்டிக்குளம் தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டதும் அத்தகைய ஒன்றே.

சுண்டிக்குளம் 1938 முதலே பறவைகள் சரணாலயமாக இருந்த இடந்தானே, இதில் புதுமை என்ன என்று வாசகர் கேட்கலாம். வேறுபாடு சட்டத்தில் இருக்கிறது. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி சரணாலயத்துக்குள் தனியார் காணி இருக்கலாம். மனிதர் வாழ்ந்து தொழில் செய்யலாம். தேசியப் பூங்காவோ முழுவதும் அரச காணி. விலங்குகளையும் பறவைகளையும் பார்வையிடும் நோக்கத்துக்காக, அதுவும் அனுமதிச்சீட்டுடன் மட்டுமே அங்கு நுழையலாம். நேற்றுவரை இறால் பிடித்தவன் ஒரே அறிவித்தலால் அத்துமீறியவனாகிறான்.

பூங்கா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கனகராயன் ஆறு கொண்டுவரும் மாரி வெள்ளம் ஆனையிறவு நீரேரியில் உப்புநீரோடு கலந்து சுண்டிக்குளம் வரை பரவுகிறது. இறாலும் பூநாரையும் அந்தக் கலப்பு நீரையே நம்பியிருக்கின்றன. கண்டல்களை வெட்டுவதையும் பறவைகளைச் சுடுவதையும் எவரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் போரில் இடம்பெயர்ந்து, 2004 ஆழிப்பேரலையில் உறவுகளை இழந்து, 2009க்குப் பின் திரும்பிவந்து வாடி அமைத்த வடமராட்சி கிழக்கு மக்களிடம் எல்லைக்கல்லை மட்டும் காட்டுவது எவ்வகைப் பாதுகாப்பு?

(ஆனையிறவு நீரேரியை நன்னீராக்கி 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' அமைக்க 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் வகுத்த திட்டமும் அடிக்கடி தூசு தட்டப்படுகிறது. நீர் முழுவதும் இனிப்பானால் பூநாரைகள் எங்கே போகும் என்று கேட்போர் குறைவு.)

மன்னார் வளைகுடாவின் மறுகரையில் 1989இல் சுமார் 10,500 சதுர கிலோமீற்றர் பரப்பை இந்தியா உயிர்க்கோளக் காப்பகமாக்கியது. 21 தீவுகள் நடுவலயம். மீனவக் கிராமங்கள் அதைச் சூழ்ந்த பகுதி. அங்கும் எல்லாம் சுமுகமில்லை. தீவுகளில் கடற்பாசி எடுத்துப் பிழைத்த பெண்கள் தடுக்கப்பட்ட கதை நாம் அறிந்ததே. எனினும் மனிதரும் அந்த நிலத்தின் ஓர் அங்கம் என்று அந்த ஏற்பாடு ஏட்டளவிலாவது ஒப்புக்கொள்கிறது. இலங்கையிலும் சிங்கராஜா, கன்னெலிய, ஹுருலு, பூந்தல என நான்கு காப்பகங்கள் உண்டு. வடக்கில் ஒன்றுகூட இல்லை.

யுனெஸ்கோவின் பட்டத்துக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. நமது கட்டளைச் சட்டத்திலேயே 'இடைவலயம்' என்றொரு வகை இருக்கிறது. பறவைகள் கூடும் இடங்களையும் கண்டல்களையும் நடுவே இறுக்கமாகக் காத்து, காலங்காலமாகத் தொழில் நடந்த ஓரங்களை இடைவலயமாக்கலாம். எந்த மாதத்தில் எந்த வலை என்பதைக் கடற்றொழிலாளர் சங்கங்களோடு பேசி எழுத்தில் வைக்கலாம். அதற்கு முதலில் 19,565 ஹெக்டேயர் பூங்காவின் எல்லை வரைபடத்தைத் தமிழில் அச்சிட்டுக் கட்டைக்காட்டிலும் சுண்டிக்குளத்திலும் மக்கள் பார்வைக்குத் தொங்கவிட வேண்டும். அடுத்த மாரிக்கு முன் செய்யக்கூடிய வேலை இது.