பொலன்னறுவைக்கு ஒரு நாள் பயணம்



மாதர் சங்கக் கூட்டங்களில் "எங்காவது ஒரு சுற்றுலா போய் வருவோமா?" என்று கேட்டால், இளம் பிள்ளைகள் உடனே நுவரெலியா என்பார்கள். கணவரை இழந்தவர்கள் பேசாமல் இருப்பார்கள். வற்புறுத்திக் கேட்டால், "எங்களுக்கென்ன சுற்றுலா, சனம் என்ன சொல்லும்?" என்பார்கள். கதிர்காமத்துக்கோ மடுவுக்கோ போவதென்றால் நேர்த்திக்கடன் என்று சொல்லிக்கொள்ளலாம். சும்மா ஊர் பார்க்கப் போவதற்குத்தான் எமது பெண்கள் யாரிடமோ அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. ஆகவே இம்மாதம், காலையில் புறப்பட்டு இரவுக்குள் வீடு திரும்பக்கூடிய ஓர் இடத்தைப் பற்றி எழுதுகிறேன்.

பொலன்னறுவை சோழர் காலத்தில் இலங்கையின் தலைநகராகியது. இராஜராஜ சோழனின் படை அநுராதபுரத்தை அழித்த பின்னர், சோழர் இந்நகரைச் சனநாதமங்கலம் என்ற பெயரில் தமது ஆட்சிக்குத் தலைநகராக்கினர். 1070இல் முதலாம் விஜயபாகு அவர்களை விரட்டினான். அதன் பின்னரும் தலைநகர் இங்கேயே இருந்தது. முதலாம் பராக்கிரமபாகு (1153 - 1186) காலத்தில் நகரம் உச்ச நிலையை அடைந்தது. 1215இல் கலிங்க மாகன் படையெடுத்த பிறகு அதன் சிறப்பு குன்றியது. 1982இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்தது.

மட்டக்களப்பிலிருந்து போகிறவர்களுக்கு ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. வாழைச்சேனை, புனானை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி என்று ரயில் போகும். போர்க் காலத்தில் பல வருடங்கள் கொழும்பு ரயில் மட்டக்களப்பு வரை வராமல் இடையிலேயே நின்றது. இந்த வீதியில் இறங்கி ஏறி, பையை அவிழ்த்துக் காட்டி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். மன்னம்பிட்டியில் ரயிலுக்கும் வாகனங்களுக்கும் ஒரே பாலந்தான் இருந்தது. 2007இல் வீதிக்கெனத் தனிப் பாலம் திறந்தார்கள். இப்பகுதிக் கிராமங்களில்தான் 1992 ஏப்ரலில் அழிஞ்சிப்பொத்தானையில் முஸ்லிம் மக்களும், அதற்குப் பழிவாங்கலாக முத்துக்கல்லிலும் கரப்பொலவிலும் தமிழ் மக்களும் கொல்லப்பட்டனர். யன்னலால் பார்த்தால் இன்று வயலும் மாடுகளுந்தான் தெரியும். அந்த இடம் வரும்போது பக்கத்தில் இருக்கும் அக்கா பேசாமல் இருந்தால், காரணம் கேட்காமல் இருந்துவிடுங்கள்.

யாழ்ப்பாணம், வன்னியிலிருந்து ரயிலில் வருவோர் மாஹோவில் மாற வேண்டும். வவுனியா, திருகோணமலைப் பக்கத்தவர்களுக்கு ஹபரணை வழியாக பஸ்ஸில் வருவது இலகு. ரயில் நேரங்கள் அடிக்கடி மாறும். புயல், வெள்ளத்துக்குப் பின்னர் சேவை நிற்பதும் உண்டு. எனவே முதல் நாளே நிலையத்தில் விசாரியுங்கள். இன்னொன்று: ரயில் நிலையமும் பிரதான பஸ் நிலையமும் கதுருவெலையில் இருக்கின்றன. பழைய நகரம் அங்கிருந்து மேற்கே 4 கிலோமீற்றர் அளவில். கதுருவெலையில் தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் பலர் இருக்கிறார்கள், ஆகவே சிங்களம் தெரியாதே என்று தயங்கத் தேவையில்லை. மூன்று, நான்கு பேர் சேர்ந்து ஒரு முச்சக்கர வண்டியைப் பேசிக்கொள்ளலாம். எல்லா இடங்களுக்கும் எவ்வளவு, எத்தனை மணித்தியாலம் என்பதை ஏறுவதற்கு முன்னரே பேசி முடியுங்கள். இடிபாடுகள் ஒன்றுக்கொன்று தூரத்தில் இருப்பதால் வயதானவர்களுக்கு நடந்து கட்டாது.

வெளிநாட்டவருக்குரிய பெரிய கட்டணம் எமக்கு இல்லை. அடையாள அட்டை கையில் இருக்கட்டும். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். புனித இடங்களில் செருப்பைக் கழற்ற வேண்டும், பத்து மணிக்கெல்லாம் கல் கொதிக்கத் தொடங்கிவிடும். ஒரு சோடி காலுறை கொண்டு போனால் அதன் அருமை அங்கே தெரியும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்காதீர்கள்.

கல் விகாரையை எல்லோரும் பார்ப்பார்கள். ஒரே பாறையில் செதுக்கிய சிலைகள், சயனித்த நிலையில் உள்ளது ஏறத்தாழ 14 மீற்றர் நீளம். பராக்கிரம சமுத்திரக் கட்டில் நின்றால் காற்று வீசும், சோற்றுப் பார்சலை அங்கே அவிழ்க்கலாம். வட்டதாகே இருக்கும் முற்றத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு உண்டு. புனித தந்தத்தின் கோயிலைத் தாம் காப்பதாக வேளைக்காரப் படையினர் தமிழில் எழுதி வைத்தது. இந்த நாட்டில் தமிழரும் பௌத்தமும் ஒருகாலமும் ஒட்டவில்லை என்று யாராவது சொன்னால், இந்தக் கல்லைப் போய்ப் பார்க்கச் சொல்லலாம்.

ஆனால் நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது அதற்கு வடக்கே, மரங்களுக்கிடையில் தனியே இருக்கும் இரண்டாம் சிவாலயத்தை. 11ஆம் நூற்றாண்டில் சோழர் முழுவதும் கல்லால் கட்டியது. இந்நகரில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய கட்டடம் அதுவே. அதன் பெயர் வானவன்மாதேவி ஈஸ்வரம். இராஜராஜனின் தாயின் பெயரும் வானவன்மாதேவிதான். கணவன் சுந்தர சோழன் இறந்தபோது, பால்குடி மாறாத பிள்ளையை விட்டுவிட்டு அவள் தீயில் இறங்கினாள் என்று தமிழ்நாட்டுத் திருக்கோவலூர்க் கல்வெட்டுக் கூறுகிறது. அதற்காக அவளைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்தப் புகழ்ச்சி பிடிப்பதில்லை.

அதே நகரில் லீலாவதி என்றொரு பெண்ணும் இருந்தாள். பராக்கிரமபாகுவின் தேவி. அவன் இறந்த பின் உயிரோடு இருந்தாள். 1197இல் படைத்தலைவன் ஒருவனின் துணையோடு அரசியானாள். மூன்று வருடத்தில் இறக்கினார்கள். 1209இல் மறுபடி ஏறினாள், இறக்கினார்கள். 1211இல் மூன்றாம் முறை ஏறினாள். தனது பெயரில் நாணயமும் வெளியிட்டாள். இடையில் 1202 முதல் 1208 வரை ஆண்ட கல்யாணவதியும் கணவனை இழந்தவள்தான், நிசங்கமல்லனின் தேவி. இவர்களைப் படைத்தலைவர்கள் தமது வசதிக்காகவே அமர்த்தினார்கள் என்பது உண்மைதான். என்றாலும் அந்த ஆசனத்தில் இருந்தது அவர்கள். "விதவை முன்னுக்கு வரக்கூடாது" என்று கலியாண வீட்டில் சொல்பவர்கள் இதை அறிந்திருப்பார்களா தெரியாது.

வானவன்மாதேவி ஈஸ்வரத்தில் கருவறைவரை நீங்களே போகலாம். சிவலிங்கத்துக்கு ஒரு பூவை உங்கள் கையாலேயே வைக்கலாம். பொட்டு உண்டா, தாலி உண்டா என்று பார்க்க அங்கே ஒருவரும் நிற்பதில்லை.

நேரம் மிஞ்சினால் நூதனசாலைக்குப் போங்கள். பழைய வைத்தியசாலையில் கண்டெடுத்த சத்திரசிகிச்சைக் கத்தரிக்கோலும் குறடும் அங்கே இருக்கின்றன. தாதிப் பயிற்சிக்குப் படிக்கும் மகள் இருந்தால் அவளையும் கூட்டிப் போங்கள். இந்நகரில் கிடைத்த வெண்கலக் காரைக்கால் அம்மையாரைப் பார்க்க வேண்டுமானால் கொழும்பு தேசிய நூதனசாலைக்குத்தான் போக வேண்டும். அது வேறொரு பயணம்.

செலவுக்கு, சேமிப்புக் குழுவில் வாரம் ஒரு சிறு தொகையைத் தனியாகப் போட்டு வாருங்கள். பிள்ளைகளின் பாடசாலைத் தவணை விடுமுறையில் போனால் வீட்டில் தனியே விடுகிற பிரச்சினையும் இல்லை. திரும்பும்போது பழைய நகரத்தில் நின்று பஸ்ஸை மறிக்காமல் கதுருவெலைக்கு வந்து ஏறுங்கள், இருக்கை கிடைக்கும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் வந்து இறங்கும்போதே நேரக்கணிப்பாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.