இறுதி ஆணைக்கு முன்

துணைவரின் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டும். இல்லையேல் ஆண்டுக்கணக்கில் பிரிந்து வாழ்ந்து காத்திருக்க வேண்டும். மணவிலக்குக் கோருவோர்க்கு இங்கிலாந்திலும் வேல்சிலும் இருந்த இந்நிலை 2022 ஏப்ரல் 6ஆம் நாள் முடிவுற்றது. டினி ஓவன்ஸ் என்னும் பெண்மணி உச்ச நீதிமன்றம் வரை சென்றும், கணவரின் எதிர்ப்பால் 2018இல் விடுதலையின்றித் திரும்பினார். அவ்வழக்கு சட்டத் திருத்தத்துக்கான குரலை வலுப்படுத்திற்று. இன்று, மணவாழ்வு மீளாவண்ணம் முறிந்துவிட்டது என்ற அறிவிப்பே போதும். ஆனால், சட்டம் எளிதாயிற்று என்பதாலேயே நீதியும் எளிதாகக் கிட்டிவிடும் என லண்டனின் ஈஸ்ட் ஹாம் வாழ் தமிழர் எண்ணிவிடலாகாது.

நடைமுறை தெளிவானது. மணமாகி ஓராண்டு நிறைந்தபின் ஒருவர் தனித்தோ இருவரும் இணைந்தோ விண்ணப்பிக்கலாம். கட்டணம் 600 பவுண்டுக்குச் சற்று மேல். வருவாய் குறைந்தோர் சலுகை கோரலாம். தமிழிலுள்ள திருமணச் சான்றிதழுக்குச் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். விண்ணப்பம் ஏற்கப்பட்டு 20 வாரம் கழிந்தபின் நிபந்தனை ஆணை கோரலாம். அது கிடைத்து ஆறு வாரமும் ஒரு நாளும் சென்றபின் இறுதி ஆணை. எதிர்த் தரப்பினர் விண்ணப்பம் கிடைத்த 14 நாளுக்குள் மறுமொழி தரவேண்டும். நீதிமன்றத்தின் அதிகார வரம்பு, திருமணத்தின் செல்லுபடி போன்ற மிகச் சில காரணங்களாலன்றி அவர் வழக்கைத் தடுக்க இயலாது. “கையெழுத்துப் போட மாட்டேன்” என்னும் மிரட்டல் இனிச் செல்லாது.

இவ்வாறு கழியும் ஏறத்தாழ ஆறு மாதம் வெறுமனே காத்திருப்பதற்கன்று. இறுதி ஆணை மணத்தை மட்டுமே முடிக்கிறது. வீடு, சேமிப்பு, ஓய்வூதியம் ஆகியவற்றைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்வதில்லை. இருவரும் உடன்பட்டாலும், அவ்வுடன்பாட்டை நீதிமன்றம் ஆணையாக்கினால்தான் அது உறுதிபெறும். 1992இல் மணவிலக்குப் பெற்ற ஒரு தம்பதியரின் வழக்கில், முன்னாள் மனைவியின் பணக் கோரிக்கை தொடரலாமென 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுபுறம், கோரிக்கை எழுப்புமுன் மறுமணம் புரிந்தவர் வீட்டிலும் பணத்திலும் பங்கு கேட்கும் உரிமையைப் பெரும்பாலும் இழக்கிறார். இல்லறத்தையும் பிள்ளைகளையும் பேணிய உழைப்பையும் பங்களிப்பாகக் கொள்ளுமாறு 1973ஆம் ஆண்டுச் சட்டம் பணிக்கிறது. இதை அறியாத பெண், நீட்டிய தாளில் ஒப்பமிட்டு வெறுங்கையோடு வெளியேறுகிறார்.

இதனினும் கொடிது, மணமே பதிவாகாத நிலை. இந்நாட்டில் கோயிலிலோ மண்டபத்திலோ தாலி கட்டி, சட்டப்படி பதியாது வாழ்வோர் சட்டத்தின் கண்ணில் கணவன் மனைவியர் அல்லர். பதிவு செய்யப்படாத ஒரு நிக்காஹ் குறித்து 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதையே உறுதிப்படுத்திற்று. ஊரில் முறைப்படி நடந்த திருமணத்தின் செல்லுபடியோ அவ்வூர்ச் சட்டத்தைப் பொறுத்தது.

இங்கு பெறும் மணவிலக்கு ஆணை ஊரிலும் செல்லுமா என்பது அடுத்த வினா. இந்து திருமணச் சட்டப்படி மணந்தோர்க்கு, அச்சட்டம் ஏற்கும் காரணம் இல்லாமலும் மற்றவர் இசைவு இல்லாமலும் வெளிநாட்டில் பெற்ற மணவிலக்கை இந்திய உச்ச நீதிமன்றம் 1991இல் நரசிம்ம ராவ் வழக்கில் ஏற்க மறுத்தது. மீளா முறிவு மட்டும் அச்சட்டத்தில் காரணமாகாது. ஆகவே, இயலுமிடத்து இருவரும் இணைந்து விண்ணப்பிப்பதே இந்தியத் தமிழர்க்குப் பாதுகாப்பு. இலங்கையின் பொதுச் சட்டமும் இன்னும் குற்றத்தையே அடிப்படையாகக் கொண்டது; அங்கு சொத்தோ மறுமண எண்ணமோ உள்ளவர் முன்னரே அறிவுரை பெறுதல் நன்று.

2013 முதல் மணவிலக்கு வழக்குகளுக்கு அரசின் சட்ட உதவி பெரும்பாலும் நின்றுவிட்டது. குடும்ப வன்முறைக்கு ஆளானோர் சான்று காட்டி, வருவாய் வரம்புக்குட்பட்டு அதைப் பெறலாம். துணைவர் விசாவில் வந்து வன்முறையால் மணம் முறிந்தோர் இங்கு நிலைத்து வாழத் தாமே விண்ணப்பிக்கவும் வழியுண்டு. விசா போய்விடுமென்ற அச்சத்தால் அடியைப் பொறுத்திருக்கும் பெண்ணுக்கு இச்செய்தியை யார் கொண்டு சேர்ப்பது?

அக்கடமை நம் நிறுவனங்களுடையது. பதிவுச் சான்று காணாமல் தாலி கட்ட இடந்தருவதில்லை எனக் கோயில்கள் உறுதி பூணட்டும். தமிழ்ப் பள்ளிகளும் சங்கங்களும் சொலிசிட்டர்களை அழைத்துத் தமிழிலேயே சட்ட விளக்கம் நடத்தட்டும். நம் பகுதியின் நியூஹாம் கவுன்சில் அதற்குத் துணைநிற்கட்டும். ஆங்கிலம் அறியாதோர் நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறட்டும். பெற்றோரின் பிணக்கைப் பிள்ளைகளைக் கொண்டு மொழிபெயர்க்கச் செய்தல் கொடுமை. எல்லா மணங்களையும் காப்பது நம்மால் இயலாது. இறுதி ஆணைக்கு முன் தம் உரிமையைத் தம் மொழியில் ஒவ்வொருவரும் அறியச் செய்வது நம்மால் இயலும். அதைச் செய்யாமல், பிரிந்தோரைப் பழித்துப் பேச நமக்கு உரிமையில்லை.