பழைய புத்தகக் கடையை இகழ்வோருக்கு

“அங்கே அழுக்கும் தூசியுமன்றோ!” என்று மூக்கைச் சுளிக்கும் கனவான்கள் நம்மவருள் பலர். பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட்டின் மாடியிலுள்ள பழைய புத்தகக் கடைகளில் இவர்கள் அரைமணி நேரமேனும் நின்றதுண்டோ?

புதுப் புத்தகக் கடைக்காரர் விலைபோவதையே வரவழைப்பார். அது வாணிபம், குறைகூறுவதற்கில்லை. பழைய கடையிலோ, சமையற் புத்தகத்தினடியில் வைத்திய நூலும், அதனடியில் அட்டை கிழிந்த நாவலுமாக, நாம் கேட்கவும் அறியாதது கைக்கு வந்து சேரும். இவ்வின்பத்தை எந்தப் பட்டியல் தரும்?

1887-ல் சிங்கப்பூரில் ‘சிங்கை நேசன்’ பத்திரிகை தோன்றியது. 1917-ல் ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’ என்னும் நாவல் மலாயாவில் வெளிவந்தது. அவற்றின் பின் இந்நாட்டில் அச்சேறிய தமிழ் நூல்களுள் ஒரே பதிப்போடு நின்றுபோனவை எத்தனை! அவற்றை எந்தப் புதுக்கடையில் கேட்பீர்?

சென்னையில் பழைய புத்தகத்துக்குப் பேர்போன மூர் மார்க்கெட்டை 1985-ல் தீ தின்றது. இங்கே தீயும் வேண்டுவதில்லை, நாமே போதும். தோட்டத்து லயத்தை விட்டு அடுக்குமாடிக்குக் குடிபெயர்கையில் பாட்டனாரின் தகரப்பெட்டியைக் கவிழ்த்து, பழைய பேப்பரோடு எடைபோட்டுத் தள்ளுகிறோம். (அதே வாரம் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பஞ்சுறை வாங்குகிறோம்.) அன்பர்களே, அடுத்த பெட்டியையாவது திறந்து பாருங்கள்! வேண்டாத நூலை அந்தத் தூசிக் கடைக்காரரிடம் கொடுங்கள். அவர் அதை எடைபோடுமுன் தலைப்பையேனும் வாசிப்பார்.