‘வயசானா அப்படித்தான்’: நான்கு மறுப்புகள்

கிழட்டு நாய் நள்ளிரவில் காரணமின்றிக் குரைக்கிறது. கதவு திறக்கும் பக்கத்தை விட்டுவிட்டுக் கீல் பக்கம் போய் நிற்கிறது. வீட்டாரின் தீர்ப்பு ஒரே வரிதான்: “வயசானா அப்படித்தான்.” அந்த வரிக்குள் நான்கு வாதங்கள் ஒளிந்திருக்கின்றன. நான்கும் பிழை.

முதலாவது, ‘இது முதுமை, நோய் அல்ல’ என்பது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், 11–12 வயது நாய்களில் 28 சதவீதத்துக்கும் 15–16 வயதில் 68 சதவீதத்துக்கும் அறிதிறன் குறைபாட்டின் அறிகுறி ஒன்றாவது இருந்தது. இத்தனை நாய்களுக்கு வருவது இயல்புதானே என்பார்கள். ஆனால் அதே 15–16 வயதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு நாய்க்கு எந்த அறிகுறியும் இல்லை. வயது நோய்க்கு வழிவிடுகிறது, வயதே நோயாகிவிடாது.

இரண்டாவது, ‘மறதிநோய் மனிதருக்குத்தான் வரும்’ என்பது. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் படியும் பீட்டா அமிலாய்டு புரதம் முதிய நாய்களின் மூளையிலும் படிகிறது. அதன் அமினோ அமில வரிசைகூட இரண்டு உயிர்களிலும் ஒன்றே. மூளையும் சுருங்குகிறது. அல்சைமரில் காணப்படும் நரம்பிழை முடிச்சுகள் நாய்களிடம் அரிது என்பதால் இரண்டும் அச்சு அசலாக ஒரே நோய் அல்ல. அதற்காக நாய்க்கு வருவது நோயே இல்லை என்றாகாது.

மூன்றாவது, ‘வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பது பிடிவாதம்’ என்பது. பழகியதை மறந்த நாயை அடித்தால் பதற்றம்தான் கூடும். காரணம் மறதியாகவே இருக்க வேண்டும் என்பதுமில்லை. சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு, சிறுநீர்த் தொற்று, எழுந்து போகவிடாத மூட்டுவலி என எதுவாகவும் இருக்கலாம். அறிதிறன் குறைபாட்டை உறுதிசெய்யத் தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. மற்ற நோய்களை ஒவ்வொன்றாக விலக்கித்தான் மருத்துவர் அந்த முடிவுக்கு வருகிறார். வயதின் மேல் பழிபோடும் வீட்டில், குணமாகக்கூடிய நோயும் கவனிக்கப்படாமல் போகிறது.

நான்காவது, ‘தெரிந்தும் என்ன பயன்?’ என்பது. முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை, உண்மை. ஆனால் இந்நோயின் அறிகுறிகளைக் கட்டுப்படுத்த செலிஜிலின் என்ற மருந்துக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1998இலேயே அனுமதி தந்தது. முதிய பீகிள் நாய்களை ஆண்டுக்கணக்கில் கவனித்த ஆய்வில், ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் சேர்த்த உணவோடு உடற்பயிற்சி, விளையாட்டு, துணை நாய் ஆகியவையும் கிடைத்தவை கற்றலில் மற்றவற்றை முந்தின. வீட்டிலும் செய்யக்கூடியவை உண்டு: பகலில் நடை, இரவில் சிறு விளக்கு, இடம் மாறாத தண்ணீர்க் கிண்ணம்.

இந்த அலட்சியத்தின் விலைக்கும் கணக்கு இருக்கிறது. 8 வயதைத் தாண்டிய நாய்களைப் பற்றி ஆஸ்திரேலியாவில் 2010இல் வெளியான ஆய்வு, 14.2 சதவீத நாய்களுக்கு இந்தக் குறைபாடு இருக்கலாம் என மதிப்பிட்டது. மருத்துவரால் கண்டறியப்பட்டவையோ 1.9 சதவீதம்தான். வீட்டார் சொல்லாததை மருத்துவர் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே இரவுக் குரைப்பை செல்போனில் படமெடுங்கள்; எப்போது தொடங்கியது என்று குறித்துவையுங்கள்; இரண்டையும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வயதா, நோயா என்பதை அவர் சொல்லட்டும்.