போன போகத்து நெல்லும் டென்னிஸ் ரேங்க்கும்

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமம். ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. சம்பா நடவு முடிந்த வயலைப் பார்த்துவிட்டு வந்த தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் பேத்தி, கையில் போன். சென்னை ஓபன் டென்னிஸ் இறுதிப் போட்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

“தாத்தா, இந்தப் போட்டியில 2022-ல ஜெயிச்ச பொண்ணு அப்ப டாப் 100-க்குள்ள வந்துச்சு. இப்ப வெளிய போயிடுச்சு. ஜெயிச்சது ஜெயிச்சதுதானே, அதை எப்படிக் கழிப்பாங்க?”

“போன வருஷக் குறுவையை இந்த வருஷக் கணக்குல எழுதுவாங்களா பாப்பா?”

தாத்தாவுக்கு டென்னிஸ் தெரியாது. ஆனால் பெண்கள் டென்னிஸ் தரவரிசையின் பாதி விஷயத்தை இந்த ஒரு வரியிலேயே சொல்லிவிட்டார்.

ரேங்க் என்றால் ‘யார் பெரிய ஆட்டக்காரி’ என்று பெரியவர்கள் கூடி உட்கார்ந்து முடிவு செய்வது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி யாரும் உட்காருவதில்லை. அது வெறும் கூட்டல் கணக்கு. கடந்த 52 வாரங்களில் ஒரு வீராங்கனை ஆடிய போட்டிகளில் கிடைத்த பாயிண்டுகள் மட்டுமே சேரும். 53-வது வாரம் வந்ததும் பழைய பாயிண்ட் தானாகவே கழிந்துவிடும். அதே போட்டி மறுபடி நடந்து, அதில் இந்த முறை என்ன கிடைத்ததோ அது அந்த இடத்தில் வந்து உட்காரும். பரிசுப் பணம் மட்டும் வங்கியில் இருக்கும், அதை யாரும் திருப்பிக் கேட்பதில்லை!

அதனால்தான் நன்றாக ஆடியும் இறங்குகிற வேடிக்கை நடக்கிறது. போலந்தின் இகா ஷ்வியான்டெக் 2024 ஃபிரெஞ்சு ஓபனில் சாம்பியன். 2,000 பாயிண்ட். 2025-ல் அதே போட்டியில் அரையிறுதி வரை வந்தார். உலகத்தில் கடைசி நால்வரில் ஒருவர் என்பது சின்ன விஷயமா? ஆனால் அரையிறுதிக்கு 780-தான். 2,000 போய் 780 வந்தது. ஒரே வாரத்தில் 1,220 நஷ்டம்.

எத்தனை போட்டி ஆடினாலும் எல்லாமே கணக்கில் ஏறாது. ஒற்றையர் பிரிவில் சிறந்த 18 போட்டிகள் மட்டும். அதற்காக இஷ்டப்பட்டதைப் பொறுக்கிக்கொள்ளவும் முடியாது. நான்கு கிராண்ட்ஸ்லாம்களும் சில பெரிய போட்டிகளும், ஆடத் தகுதி உள்ளவர்களுக்குக் கட்டாயம். போகவில்லை என்றால் அந்த இடத்தில் பூஜ்யம் விழும்.

போட்டிகளின் பெயரிலேயே விளைச்சல் எழுதியிருக்கிறது. டபிள்யூடிஏ 1000 என்றால் சாம்பியனுக்கு 1,000 பாயிண்ட். 500 என்றால் 500. சென்னை ஓபன் 250 வகை. அதற்குக் கீழே 125. இன்னும் கீழே போனால் ஐடிஎஃப் நடத்தும் சிறு போட்டிகள். அதில் அடிப்படியான டபிள்யூ 15-ல் வாரம் முழுக்க ஆடி, கோப்பையைத் தூக்கினால் 15 பாயிண்ட். முதல் சுற்றில் ஜெயித்து அடுத்ததில் தோற்றால் ஒன்றே ஒன்று! அந்தப் போட்டியின் மொத்தப் பரிசே 15,000 டாலர். அதையும் ஒற்றையர், இரட்டையர் எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பட்டியலில் பெயர் வருவதற்கே குறைந்தது மூன்று போட்டிகளில் பாயிண்ட் எடுத்திருக்க வேண்டும், அல்லது மொத்தம் 10 பாயிண்டாவது சேர்த்திருக்க வேண்டும்.

கோயம்புத்தூரின் மாயா ராஜேஸ்வரனை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 பிப்ரவரியில் மும்பையில் நடந்த 125 வகைப் போட்டி. அப்போது வயது 15. தகுதிச் சுற்றில் ஆடி, பிரதானச் சுற்றுக்குள் வந்து, அரையிறுதி வரை போனார். 125 வகையில் அரையிறுதிக்கு 49 பாயிண்ட். டபிள்யூ 15 போட்டிகளில் மூன்று கோப்பை வாங்கினால்கூட 45-தான். ஊர் ஊராக அலைந்து மூன்று கோப்பையில் எடுப்பதை, நம் நாட்டிலேயே ஒரு வாரத்தில் எடுக்க முடிந்தது. வாய்க்கால் பக்கத்தில் வயல் இருப்பதற்கும் கடைமடையில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இந்த எண்ணுக்காக ஏன் இவ்வளவு பாடு? கதவு அதைப் பார்த்துத்தான் திறக்கிறது. கிராண்ட்ஸ்லாமில் பெண்கள் ஒற்றையரில் 128 இடம். அதில் 104 இடம் நேராக ரேங்க்கைப் பார்த்து. 16 இடம் தகுதிச் சுற்றில் ஜெயித்து வருகிறவர்களுக்கு. மிச்சம் 8, போட்டி நடத்துகிறவர்கள் விரும்பித் தருகிற ‘வைல்டு கார்டு’. அந்த ரேங்க்கும் போட்டி நடக்கும் வாரத்து ரேங்க் அல்ல, ஆறு வாரம் முந்தியது. 2025 விம்பிள்டனில் முதல் சுற்றிலேயே தோற்றவருக்கும் 66,000 பவுண்டு, நம் பணத்தில் 75 லட்சத்துக்கும் மேல். 104-ல் இருப்பவருக்கும் 120-ல் இருப்பவருக்கும் ஆட்டத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. வருடம் முழுக்க பயிற்சியாளரை வைத்துக்கொள்ள முடியுமா முடியாதா என்பதில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் வந்துவிடும்.

இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால்தான் நிருபமா வைத்தியநாதனின் 134 என்ன என்பது புரியும். கோவைப் பெண். 1998 ஆஸ்திரேலிய ஓபனில் இத்தாலியின் குளோரியா பிட்ஸிக்கினியை முதல் சுற்றில் வென்றார். ஓபன் யுகத்தில் கிராண்ட்ஸ்லாம் பிரதானச் சுற்றில் ஓர் ஆட்டம் ஜெயித்த முதல் இந்தியப் பெண் அவர்தான். ஹைதராபாத்துக்கு டபிள்யூடிஏ போட்டி வந்ததே 2003-ல். அதற்கு முன்பு டபிள்யூடிஏ போட்டி ஆட வேண்டும் என்றால் வெளிநாட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அந்த ஹைதராபாத் போட்டியைத்தான் 2005-ல் உள்ளூர்ப் பெண் சானியா மிர்சா வென்றார். 2007 ஆகஸ்டில் உலகின் 27-வது இடம். ஒற்றையரில் அந்த உயரத்தை வேறு எந்த இந்தியப் பெண்ணும் இன்னும் தொடவில்லை.

பேத்தியின் கேள்விக்கு வருவோம். 2022 செப்டம்பரில் சென்னையில் ஜெயித்தவர் செக் நாட்டின் லிண்டா ஃப்ருவிர்டோவா. வயது 17. அப்போது 250 வகைச் சாம்பியனுக்கு 280 பாயிண்ட் கொடுத்தார்கள். 100-க்கு வெளியே இருந்தவர் அடுத்த திங்கட்கிழமை 100-க்குள் வந்துவிட்டார். மறுவருடம் 49 வரைக்கும் ஏறினார். ஆனால் 2023 செப்டம்பரில் அந்த 280-ஐக் காப்பாற்றச் சென்னைக்கு வரலாம் என்றால், சென்னையில் போட்டியே நடக்கவில்லை! 2024-லும் இல்லை. அவர் பிறகு சரிந்ததற்கு இது மட்டும் காரணம் இல்லைதான். ஆனாலும் தண்ணீர் திறக்காத வருடம் குறுவை போடக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2012 முதல் 2019 வரை எட்டு வருடம், ஒரு முறைகூட மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்கவில்லை.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. 2022-ல் ரஷ்ய, பெலாரஸ் வீராங்கனைகளை விம்பிள்டன் சேர்க்கவில்லை. அதனால் அந்த வருட விம்பிள்டனுக்குப் பாயிண்டே கிடையாது என்று டபிள்யூடிஏ அறிவித்தது. கஜகஸ்தானின் எலெனா ரைபகினா கோப்பையை வென்றார். கிடைத்த பாயிண்ட் பூஜ்யம். அமோக விளைச்சல், கொள்முதல் நிலையம் பூட்டியிருக்கிறது!

காயம் பட்டவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் இந்த 52 வாரம் இன்னும் கெடுபிடி. செரீனா வில்லியம்ஸ் மகள் பிறந்து திரும்பி வந்தபோது, 2018 ஃபிரெஞ்சு ஓபனில் அவருடைய ரேங்க் 451. போட்டிக்குள் நுழையப் பாதுகாக்கப்பட்ட பழைய ரேங்க் உதவியது. ஆனால் முன்னணி வீராங்கனைகளுக்குத் தரும் தரநிலை வரிசையில் இடம் தரவில்லை. அதன் மேல் எழுந்த சத்தத்துக்குப் பிறகுதான் அந்த வருடக் கடைசியில் டபிள்யூடிஏ தாய்மார்களுக்கான விதிகளைத் தளர்த்தியது. பிரசவத்தை விடுமுறை மாதிரி நினைத்து விதி எழுதியவர்கள், கொஞ்சம் முன்பே யோசித்திருக்கலாம். நம் சானியாவும் இரண்டு வருடத்துக்கு மேல் ஆடாமல் இருந்து, மகன் பிறந்த பிறகு 2020 ஜனவரியில் ஹோபார்ட்டில் இரட்டையர் கோப்பையோடு திரும்பினார்.

கணக்குப்பிள்ளையும் தப்பு செய்வதுண்டு. இந்தத் தரவரிசை 1975 நவம்பரில் தொடங்கியது. முதல் நம்பர் ஒன் கிறிஸ் எவர்ட். 1976-ல் ஆஸ்திரேலியாவின் இவான் கூலகாங் இரண்டு வாரம் நம்பர் ஒன்னாக இருந்திருக்கிறார். ஆவணங்கள் முழுதாக இல்லாததால் அது யாருக்குமே தெரியவில்லை, அவருக்கும்தான். 2007-ல் பழைய தாள்களைச் சரிபார்த்தபோது வெளியே வந்தது. அடங்கலில் பெயர் விடுபட்டுப்போய் 31 வருடம் கழித்துப் பட்டா கிடைத்த மாதிரி.

திண்ணையில் ஆட்டம் முடிந்துவிட்டது. இந்தோனேசியாவின் ஜானிஸ் ட்ஜென், ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பிரெல்லை நேர் செட்களில் வென்று 2025 சென்னைக் கோப்பையை வாங்கினார். அந்த வருடத் தொடக்கத்தில் 400-க்கும் வெளியே இருந்தவர். சிறு போட்டிகளில் ஒன்று, பத்து, பதினைந்து என்று சேர்த்தே மேலே வந்தவர். இப்போது அவர் கணக்கில் 250 ஏறுகிறது, 52 வாரத்துக்கு.

“தாத்தா, அடுத்த வருஷமும் சென்னையில போட்டி வெப்பாங்களா?”

“மேட்டூர்ல தண்ணி விடுவாங்களான்னு கேக்குற மாதிரி கேக்குற” என்று தாத்தா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாய்க்கால் பக்கம் மடையைப் பார்க்க வேண்டும்.