அது போஸ் கொடுக்கவில்லை, ஐயா!

போன ஞாயிறு காலை, கிண்டி பக்கம் மரமடர்ந்த ஒரு வளாகத்தில் வாக்கிங். புல்தரையில் ஏழெட்டுப் பேர் அரைவட்டமாக நிற்கிறார்கள். நடுவில் ஒரு காட்டு முயல், அசையாமல். ‘சூப்பரா போஸ் குடுக்குது சார்!’ என்றார், முழங்கை நீள லென்ஸ்காரர். இன்னொருவர் கையில் கேரட்.

அது போஸ் இல்லை சார், பயம். நம்மூர்க் காட்டு முயல் வளை தோண்டாது. புல்லோடு புல்லாகப் பதுங்கி, தன் உரோமத்தின் நிறத்தை நம்பி அசையாமல் கிடப்பதுதான் அதன் முதல் பாதுகாப்பு. கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால், நீங்கள் பின்னால் போய்ப் பதுங்கினாலும் உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். இனி தாங்காது என்கிற கடைசி நொடியில் ஓடும். ஓடுகிற இடத்தில் நாய் இருக்கலாம், பைக் வரலாம்.

குட்டி விஷயம் இன்னும் மோசம். கூண்டில் விற்கிறார்களே வெள்ளை முயல், அது ஐரோப்பிய வம்சம். அதன் குட்டி மயிரில்லாமல், கண் திறக்காமல் பிறக்கும். காட்டு முயல் குட்டியோ மயிரோடு, திறந்த கண்ணோடு, வெட்டவெளியில் பிறக்கிறது. தாய் பகலில் கிட்டவே வராது. வந்தால் எதிரிக்கு இடம் தெரிந்துவிடும். இருட்டிய பிறகு வந்து பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். இது தெரியாமல் ‘ஐயோ பாவம், அநாதை’ என்று உள்ளங்கையில் வைத்துப் படம் பிடித்து, ஷூ டப்பாவில் வீட்டுக்குக் கொண்டு போகிறீர்களே, அன்றைக்குத்தான் அது அநாதையாகிறது.

1972-ம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்றால் என்ன என்று படித்திருக்கிறீர்களா? சுடுவது மட்டுமில்லை. விரட்டுவது, தீனி காட்டி இழுப்பது, அதற்கு முயற்சி செய்வதுகூட வேட்டைதான். கேரட்காரரிடம் இதைச் சொன்னேன். ‘நாங்கள்லாம் நேச்சர் லவ்வர்ஸ் சார், நீங்க யாரு?’ என்று சண்டைக்கு வந்துவிட்டார். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்!

படமே எடுக்காதீர்கள் என்று சொல்ல நான் யார்? 1978-ல் தேசியப் பூங்காவான கிண்டிக் காட்டுக்கு மொத்தமே சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்தான். சுற்றிலும் நகரம். உள்ளே மானும் முயலும் உயிரோடு இருப்பதை ஜனங்களுக்கு ஒரு நல்ல படம் காட்டினால் நல்லதுதானே? அதற்கு வழி சுலபம். பொழுது சாய்கிற நேரத்தில், நடைபாதையை விட்டு இறங்காமல், ஓர் ஓரமாக உட்காருங்கள். ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள். முயல் தானாக மேய வரும். வராவிட்டால் மறுநாள். காதை நிமிர்த்திக்கொண்டு நிம்மதியாக மேய்ந்தால் நீங்கள் சரியான தூரத்தில் இருக்கிறீர்கள். காதை முதுகோடு மடித்துத் தரையில் ஒட்டிக்கொண்டால், ரொம்பக் கிட்டே வந்துவிட்டீர்கள், தயவுசெய்து பின்வாங்குங்கள்.

ஞாயிறன்று யாரும் பின்வாங்கவில்லை. கேரட் விழுந்ததும் முயல் இரண்டு பேர் காலுக்கு நடுவே பாய்ந்து ரோட்டைத் தாண்டி ஓடியது. நல்லவேளை, வண்டி ஏதும் வரவில்லை.

லென்ஸ்காரர் காமிராவைத் திருப்பிப் பார்த்தார். ‘ச்சே, ப்ளராயிடுச்சு’ என்றார்.